போத்தலில் தெரியாத கோடு

பிளேனுக்கும் என் மீன்பிடிப் போட்டுக்கும் ஒரே பயம் என்று மச்சான் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் மனைவியின் தம்பி அவன். கட்டாரில், விமான நிலையத்தில், எண்ணெய்ப் பிரிவில் வேலை. லீவில் எங்கள் ஊர் சாய்ந்தமருதுக்கு வந்திருந்தான்.

"பிளேனுக்கு ஊத்துறதும் மண்ணெண்ணெய் ஜாதிதான் மச்சான். மேல போனாக் குளிர். டேங்கிக்குள்ள காத்து வேர்த்துத் தண்ணியாகி அடியில கிடக்கும். ஒவ்வொரு விடியலும் கீழால கொஞ்சம் போத்தல்ல இறக்கிப் பார்ப்பம். தண்ணி கலந்திருந்தா நடுவுல கோடு தெரியும். பார்க்காம விட்டா ஆகாயத்துல எஞ்சின் நிண்டுரும்."

எனக்கும் பார்க்க ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து கடலுக்குப் புறப்படுகிற நேரம். என் போட்டின் டேங்கி அடியிலிருந்து ஒரு போத்தல் இறக்கி வெயிலுக்குப் பிடித்தேன். பளிச்சென்று இருந்தது. கோடே இல்லை.

"சுத்தம்! நான் போறன்" என்றேன்.

"மணந்து பாருங்க."

மூக்கருகே பிடித்து மணந்தேன். அத்தர்தான் மணத்தது. பள்ளிவாசலுக்குப் போகும்போது இரண்டு கையிலும் பூசியிருந்தேன்.

மச்சான் போத்தலுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். எண்ணெயென்றால் சொட்டு உருண்டு அடிக்குப் போயிருக்கும். இது விழுந்த இடத்திலேயே காணாமல் போனது. முழுப் போத்தலும் தண்ணீர்! முந்திய நாள் மழை, டேங்கியின் இறுக்காத மூடி வழியாக இறங்கியிருக்கிறது. எண்ணெயும் இருந்தால்தானே நடுவில் கோடு விழும்?

இப்போதெல்லாம் பிளேன் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தரை இடது கையில் மட்டும்தான் பூசுகிறேன்.