மெஷினின் அந்தப் பக்கம்

இதை எழுதும்போதும் தோள்பட்டை கடுக்கிறது. விரல் நுனிகள் மரத்துக் கிடக்கின்றன. தேயிலை வெட்டும் மெஷினை வருடக்கணக்கில் பிடித்தவனுக்கு நுனி நரம்பெல்லாம் செத்துப்போகும். கொதிக்கிற தேநீர்க் குவளைகூடச் சுடாது. அப்படிப்பட்ட விரலில்தான் இது நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

அது இருவர் தூக்கும் மெஷின். செடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குணாளன். அவனுக்குப் பிறவியிலேயே இடது கையில் இரண்டே விரல். அதைக் கைப்பிடியில் கொக்கிபோல் மாட்டினால் எவனாலும் பிடுங்க முடியாது. ஆனாலும் பள்ளிக்கூடத்திலிருந்து இந்தத் தேயிலை மலைவரை அவனுக்கு "நண்டு" என்றுதான் பெயர். அவன் மனைவி யுவனேஸ்வரி பிரசவத்துக்காகத் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள்.

"புள்ளைக்கும் இதே கைன்னா என்னடா தர்மா பண்றது?"

"வாய மூடு லா. நல்லாத்தான் பொறக்கும்."

"எனக்குக் கேக்க தைரியமில்ல. அவ அக்காவ உனக்கு போன் பண்ணச் சொல்லிட்டேன். கை எப்படின்னு நீதான் எனக்குச் சொல்லணும். பொய் சொல்லாத."

"சரிடா."

மறுநாள் காலை, கண்ணைக் கட்டியது போல் மூடுபனி. எஞ்சினைக் கிளப்பினேன். அந்தப் பக்கம் யாரோ தூக்கினார்கள். மெஷின் தூக்கப்பட்டால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். முகம் பார்க்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

பாதி வரிசையில்தான் உறுத்தியது. என் பூட்ஸ் சேற்றில் சளக்... சளக். மெஷின் இரைச்சலிலும் அது கேட்டது. அந்தப் பக்கம் காலடியே இல்லை.

கைப்பிடியில், டக்... டக். நிறுத்தச் சொல்லும் தட்டு. அணைத்தேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகலையாடா?"

"போக முடியல."

குணாளன் குரல்தான். ஆனால் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல...

"கை எப்படி?"

"இன்னும் போன் வரல."

பனிக்குள்ளிருந்து ஓர் இடது கை நீண்டது. என் விரல்களைப் பற்றியது.

குளிர்.

செத்துப்போன நுனிகளில்... குளிர்!

குனிந்து பார்த்தேன்.

ஐந்து விரல்கள்.

போன் அலறியது. மெஷினின் மறுமுனை தொப்பென்று விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

"பொம்பளப் புள்ள. ரெண்டே வெரலு..." யுவனேஸ்வரியின் அக்கா அழுதாள். "குணா போனே எடுக்கல தம்பி."

கங்காணி செல்லையா மூச்சிரைக்க ஓடி வந்தார். குணாளன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், விடிவதற்கு முன்பே, மோட்டார் சைக்கிளோடு ஓடைப் பள்ளத்தில் விழுந்து செத்திருந்தான். உடலைத் தூக்கியபோது இடது கையைப் பிடித்தவன் நான்.

இரண்டே விரல்.

இன்றும் பனி இறங்கினால் கைப்பிடியில் டக்... டக். நான் எஞ்சினை அணைப்பதில்லை. அணைத்தால் அவன் மறுபடி கேட்பான். அவனுக்கு நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்: உன் மகளுக்கும் அதே கைதான்டா.