குஞ்சுக்கு வந்த அம்மாள் வருத்தம்

கண் ஓரத்தில் ஒரு சின்னப் பருவாகத்தான் முதலில் தெரிந்தது. கடுகளவு இருக்கும். மண் ஒட்டியிருக்கிறது என்று நினைத்து நகத்தால் தட்டப் போனேன். குஞ்சு தலையை வெடுக்கென்று இழுத்தது. மண் இல்லை.

பிறகு அது பெருத்தது. சொண்டின் ஓரத்திலும் கண் மடலிலும் இன்னும் வந்தன. ஒருநாள் காலை பார்த்தால் இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. மற்றக் குஞ்சுகள் தாய்க்கோழியின் பின்னால் ஓடின. இது நின்ற இடத்திலேயே நின்று கத்தியது.

வீட்டில் இப்படி ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பெரிதாகப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இந்தக் குஞ்சுகள் தம்பி அடைவைத்த முட்டைகளில் பொரித்தவை. ஒவ்வொரு முட்டையாக டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்லதாகத் தெரிந்தெடுத்து, வைக்கோல் போட்டு அவன்தான் கோழியை இருத்தினான். பொரிக்க முதல் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். குருதிச் சிறுதட்டு (இரத்தத்தை உறைய வைப்பது) இறங்கிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரியில் இருந்து அவன் உயிரோடு வரவில்லை. செத்த வீட்டுக்கு வந்த ஆட்கள் முற்றம் முழுக்க இருந்த நேரம், கோழி குசினி (சமையலறை) மூலையில் இருந்து குஞ்சுகளோடு இறங்கியது. யாரும் கவனிக்கவில்லை.

அப்பா முதலே இல்லை. நானும் அம்மாவும்தான். அம்மா சமைத்தார், வயலுக்குக் கூலிக்குப் போனார், வந்தார். கதைப்பது குறைந்துவிட்டது. தம்பியை ஏசாமல் ஒரு பொழுதும் விடாதவர், இப்போது ஏசுவதற்கும் வாய் திறப்பதில்லை.

குஞ்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"அம்மாள் வந்திருக்கிறா."

"கோழிக்குமோ அம்மா?"

"ஏன், கோழி உயிர் இல்லையோ? வேப்பங்குழை முறிச்சுக்கொண்டு வா. இனித் தாளிக்கக் கூடாது, மீன் மச்சம் கூடாது. ஆரும் உள்ளுக்க வரக் கூடாதெண்டு புவனாட்டச் சொல்லு."

எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தோட்டங்களில் இருந்து கிளிநொச்சிப் பக்கத்துத் தர்மபுரத்துக்கு வந்தவர்கள். மாரியம்மனும் கூடவே வந்தவள். ஒருவருக்குக் கொப்பளிப்பான் (அம்மை) போட்டால் அதை நோய் என்று சொல்லமாட்டோம், அம்மாள் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்போம். வேப்பிலையில் படுக்க வைப்போம். காய்ந்த பிறகு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீர் வார்த்து அம்மாளை வழியனுப்புவோம். அந்தச் சட்டம் எல்லாம் அன்று முதல் எங்கள் வீட்டில் ஒரு கோழிக்குஞ்சுக்கு நடந்தது.

பக்கத்து வீட்டுப் புவனா அன்ரி வேலியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"என்னக்கா, கோழிக்கு வந்த அம்மாள் எந்த வாகனத்தில வந்தவா?"

"நடந்துதான் வந்தவா. நீ அங்காலயே நில்லு."

மாட்டு டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். மறிக்கவில்லை. "காட்டு. ஊசி போட மட்டும் விடாதை. அவனுக்கு ஊசி போட்டுப் பார்த்தது காணும்," என்றார்.

குஞ்சை ஒரு பெட்டியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போனேன். மாட்டு ஆஸ்பத்திரியில் மாடும் ஆடுமாக ஆட்கள் நின்றார்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, குஞ்சின்ர கிளினிக் கொப்பி கொண்டு வந்தனியே?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. செத்த வீட்டுக்காரரோடு புவனா அன்ரியைத் தவிர யாரும் பகிடி விடமாட்டார்கள். அவருக்கு என்னைத் தெரியாது. அதனால் விட்டார். நானும் சிரித்தேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். குஞ்சின் வாயைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"உள்ளுக்க மஞ்சள் படலம் இல்லை. இருந்தால் மூச்சை அடைச்சிருக்கும். இது கோழி அம்மை (வைரஸால் வரும் நோய், மனிதருக்குத் தொற்றாது). நுளம்பு (கொசு) குத்தித்தான் பரவுறது. இதுக்கெண்டு நேர் மருந்து இல்லைத் தங்கச்சி."

"அப்ப செத்துப்போகுமோ?"

"வருத்தத்தால சாகிறதிலும் பாக்கப் பட்டினியால சாகிறதுதான் கூட. கண் தெரியாட்டிக் கொத்தித் தின்னேலாதுதானே. நீங்கள் தீத்த (ஊட்டிவிட) வேணும். அவிச்ச முட்டையின்ர மஞ்சள் கரு குடுங்கோ. பொருக்கைப் (புண் காய்ந்த தோல்) பிய்க்காதையுங்கோ. மற்றதுகளோட விடாதையுங்கோ."

"அம்மா வேப்பிலையில வைச்சிருக்கிறா."

"வைக்கட்டும், ஒரு பிழையும் இல்லை. நுளம்பு அண்டாமல் பாருங்கோ."

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். நுளம்பு என்றதும் அவர் முகம் மாறியது. தம்பியைக் கொண்டுபோனதும் அதுதான். எழும்பி அறைக்குள் போனார். தம்பியின் கட்டிலுக்கு மேல் அவனுடைய நுளம்பு வலை சுருட்டிக் கட்டியபடியே தொங்கியது. அதை நாங்கள் தொடுவதில்லை. முடிச்சை அவிழ்க்க அம்மாவுக்குக் கன நேரம் எடுத்தது. அவன் போட்ட முடிச்சு. பல்லால் கடித்து இழுத்தார், கத்தியால் வெட்டவில்லை. பிறகு வலையை உதறிக் கொண்டுவந்து குஞ்சின் பெட்டிக்கு மேல் கட்டினார்.

முட்டைதான் பிரச்சினை. அம்மாள் இருக்கிற வீட்டில் முட்டை அவிக்க அம்மா விடவில்லை. டொக்டர் சொன்னதை மறுக்கவும் மனம் வரவில்லை. கடைசியில் புவனா அன்ரி தன் வீட்டில் அவித்து வேலியால் நீட்டினார். நான் வாங்கினேன். அம்மா அந்த நேரம் பார்த்து மற்றப் பக்கம் திரும்பிக் குப்பை கூட்டினார்.

கொதித்தாறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைப்பேன். மஞ்சள் கருவைத் தண்ணீரில் குழைத்து விரல் நுனியில் எடுத்து, சொண்டின் ஓரத்தில் வைப்பேன். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். முதலில் துப்பியது. பிறகு நான் பெட்டியில் நகத்தால் தட்டினால் தலையைத் திருப்பியது. பிறகு தட்ட முதலே, என் காலடி கேட்டே வாயைப் பிளந்தது.

அந்தக் குஞ்சைப் பார்த்து நான் அதிசயப்பட்டிருக்கிறேன். ஒன்றும் தெரியாது அதற்கு. இரவு பகல் தெரியாது. ஆனாலும் வெறும் பெட்டித் தரையைக் காலால் கிளறிவிட்டு, பின்னால் ஒரு அடி வைத்துக் கொத்திப் பார்க்கும். ஒன்றும் இராது. திரும்பக் கிளறும். யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் பார்க்கிறார்களா என்றும் அதற்குத் தெரியாது. சோறு இறங்காமல் கோப்பையைத் தள்ளி வைத்த நான், அதைப் பார்த்துவிட்டுக் கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

பொருக்குகள் காயத் தொடங்கின. அப்போதுதான் பிழை நடந்தது.

"இனித் தண்ணி வார்க்க வேணும்," என்றார் அம்மா. மாரி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாள். தண்ணீரை வெயிலில் வைத்துச் சூடாக்குவதுதான் முறை. வெயிலே இல்லை.

"குஞ்சு விறைக்குமே அம்மா."

"பச்சைப் பிள்ளைக்கே வார்க்கிறது. வந்தவாவை அனுப்பாமல் வைச்சிருக்கேலாது."

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு, கும்பிட்டு, வார்த்தார். அதுவரை கை நிறைய இருந்த குஞ்சு பெருவிரல் அளவுக்குச் சுருங்கிப் போனது. நடுங்கியது. பிறகு நடுக்கமும் நின்றது. கழுத்து என் விரலுக்கு மேலால் தொங்கியது.

அம்மா அதைப் பறித்து, துணியால் ஒற்றிச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அடுப்படியில் குந்தினார். வேண்டாம் என்று சொல்லியிருந்தும் புவனா அன்ரி வேலியைத் தாண்டி வந்து விறகைத் தள்ளிவிட்டு ஊதினார். ஒரு பகிடியும் விடவில்லை.

அப்போது அம்மா ஏசத் தொடங்கினார்.

"எழும்படா எருமை. சொன்னது ஒண்டைக் கேட்டிருப்பியோ? காய்ச்சலெண்டால் முதல் நாளே சொல்ல வாய் இல்லையோ? விளையாடப் போக மட்டும் கால் இருக்கு. எழும்படா!"

புவனா அன்ரி என் கையைப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. அம்மா ஏசி ஏசி, தொண்டை கட்டி, கண்ணீர் நாடியால் வழிய வழிய ஏசினார். செத்த வீட்டிலும் அவர் இப்படி அழவில்லை.

இடையில் சட்டென்று நிறுத்தினார். குனிந்து சட்டைக்குள் பார்த்தார்.

"கீறுது," என்றார். "நகத்தால கீறுது, நாய்."

ஆகவே சொல்கிறேன். வருத்தக்காரக் குஞ்சுக்குத் தண்ணீர் வார்க்காதீர்கள். அம்மாளை அனுப்ப வேண்டும் என்றால் வாசலில் தெளித்து அனுப்புங்கள். அவள் கோபிக்கமாட்டாள். அதோடு இதையும் சொல்ல வேண்டும். ஒரு குஞ்சுக்காக அப்படி இருந்த பெண்ணை நான் வேறு எங்கும் கண்டதில்லை. அவர் என் அம்மா என்பது எனக்குப் பெருமை.

பொருக்கு தானாக விழுந்தது. வலது கண் திறந்தது. இடது கண் வெள்ளையாகிவிட்டது, அதில் பார்வை இல்லை. இப்போது முற்றத்தில் மற்றவற்றோடு நிற்கிறது. கழுத்தை முழுக்கத் திருப்பிப் பார்த்துக் கொத்துகிறது. சிலவேளை குறி தவறுகிறது. திரும்பக் கொத்துகிறது. தீத்த நான் தேவையில்லை.

கையில் வைத்திருந்த காலம் முழுக்க அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் அடித்தது. எண்ண முடியாத வேகம், ஒரு நடுக்கம் போல. இப்போது கை சும்மா இருக்கிறது. பின்னேரங்களில் படுத்துக்கொண்டு அந்தக் கையை என் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறேன். எவ்வளவு ஆறுதலாக அடிக்கிறது. ஒன்று அடித்து, மற்றது வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு மெதுவாக அடிக்கிற உடம்புக்கு இன்னும் கன காலம் கிடக்கிறது. தம்பி இல்லாத காலம். முன்பு அதை நினைத்தால் எழும்பி இருந்துவிடுவேன். இப்போது கையை எடுக்காமல், அடுத்தது வரும்வரை படுத்திருக்கிறேன்.