அண்ணன் வீட்டு நிலை

1978 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். காலையிலிருந்தே வாடைக்காற்று. கிழக்கே மேகம் பனைமர உயரத்துக்கு இறங்கி நின்றது, ஆனால் ஒரு சொட்டு விழவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர் அமலோற்பவ மாதாவின் சுரூபத்தைப் பீடத்திலிருந்து இறக்கிச் சப்பரத்தில் ஏற்றினார்கள். இன்றைக்கு வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். திருநாள் அன்று மழையைப் பற்றிப் பேசுகிறவனை யார் கேட்கிறார்கள்?

சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரிசல் காட்டில் ஒன்றேகால் மைல் நடந்தால் எங்கள் ஊர். கத்தோலிக்க வீடுகள் இருபத்தாறு. சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் பள்ளிக்கூட வாத்தியாரான நான் செபம் சொல்லுவேன். கோயில் கணக்கும் என்னிடம்தான்.

என் தகப்பனார் காலத்தில் கோயில் என்பது ஓலைக் கொட்டகை, உள்ளே கண்ணாடி போட்ட ஒரு படம். வீட்டுக்கு ஒரு மரக்கால் கம்பு என்று ஐந்து வெள்ளாமை சேர்த்து விற்றுத்தான் தூத்துக்குடியிலிருந்து சுரூபம் வாங்கினார்கள். காகிதக் கூழும் சுண்ணமும் கலந்து செய்தது. வண்டியில் கிடத்தினால் உடைந்துவிடுமோ என்று பயந்து, இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தே ஊர் சேர்த்தார்கள். தண்ணீர் பட்டால் ஊறிவிடும் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். கோயிலுக்கு ஓடு போட்டதே அதனால்தான். அந்தச் சுரூபம் போனால் இன்னொன்று வாங்க எங்கள் யாரிடமும் கம்பு இல்லை. நாலு வருடமாக வானம் பார்த்த பூமி வானத்தைப் பார்த்தபடியே கிடந்தது.

உடைந்துவிடும் என்ற பயம் நாளடைவில் சட்டமாகிவிட்டது. பீடத்தை விட்டு இறங்கிய மாதா தெருவைச் சுற்றி முடிக்காமல் திரும்பக் கூடாது. தரையில் வைக்கக் கூடாது. படுக்க வைக்கவே கூடாது.

முன்பெல்லாம் சப்பரத்தைத் தோளில் சுமப்பார்கள். அந்த வருடம் இளவட்டங்கள் அதை மாட்டுவண்டிச் சக்கரத்தில் ஏற்றிவிட்டார்கள். கரிசலில் மழை விழுந்தால் வண்டியை நின்ற இடத்தில் அவிழ்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மாதா ஏறிய வண்டிக்கு அது பொருந்தாது என்று நினைத்தார்களோ என்னவோ.

இரண்டு தெரு சுற்றி மூன்றாவது தெருவில் திரும்பியபோது மழை பிடித்தது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே அடைமழை. கால் மணி நேரத்தில் சக்கரத்தின் குடம் வரை சேறு. அச்சில் அப்பிய கரிசல் மண் மாவுருண்டை மாதிரி பருத்துக்கொண்டே போனது. இருபது பேர் தள்ளியும் அசையவில்லை. வண்டி நின்ற இடம் என் அண்ணன் வீட்டு வாசல்.

அண்ணன் எங்களோடு பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரு திருநாள் அசனத்துக்கு அவர் நேர்ந்துவிட்ட கிடாவைக் கொடுத்தார். அசனம் என்றால் ஊர் முழுக்க உட்கார்ந்து சாப்பிடுவது. இலைக்கு நாலு துண்டு என்று எண்ணிப் போடச் சொன்னவன் நான். பக்கத்து ஊர்க்காரர்கள் ஐம்பது பேர் கூட வந்ததால், கடைசிப் பந்தியில் உட்கார்ந்த அண்ணனுக்கு வெறும் சாறுதான் கிடைத்தது. என் கணக்கில் தப்பில்லை, அதை இன்றைக்கும் சொல்லுவேன். அண்ணன் இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். மறு ஞாயிறே பக்கத்து ஊர்ச் சீர்திருத்தச் சபைக்குச் சைக்கிள் மிதிக்க ஆரம்பித்துவிட்டார். சுரூபம் கும்பிடுவது பாவம் என்று எங்கள் காதில் விழுகிற மாதிரி சொல்லுவார். ஆனால் சப்பரம் வரும்போது மதினி வாசலில் நின்று, எல்லோரையும் போல வேண்டிக்கொண்டு உப்பும் மிளகும் எடுத்துச் சப்பரத்தின் மேல் போடுவாள். அந்த நேரம் பார்த்து அண்ணன் கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

அன்று போகவில்லை. கதவைத் திறந்து நின்று பார்த்தார். மாதாவின் மேலே போட்டிருந்த பட்டுத்துணி நனைந்து ஒட்டி, நீலப் போர்வையின் சாயம் வெள்ளை உடுப்பில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏலே, அம்மை நனைஞ்சிட்டு நிக்கா. பாத்துக்கிட்டு நிக்கியளே, உள்ள தூக்குங்கலே" என்று கத்தினார்.

எட்டுப் பேர் அடிப்பலகையோடு தூக்கி வாசலுக்குக் கொண்டுபோனார்கள். கிரீடத்தோடு சேர்த்து மாதா வாசல் நிலையை விட ஒரு முழம் உயரம். கிரீடமும் அடிப்பலகையும் திருகாணி போட்டு இறுக்கியவை, சட்டென்று கழற்ற முடியாது.

குடைக்குள் நின்ற சாமியார், "கொஞ்சம் சாய்த்துப் படுக்கை வாட்டில் கொண்டுபோங்கள்" என்றார். சின்ன வயது, ஊருக்குப் புதிது.

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு பெரியம்மை பாய்ந்தாள். "படுக்கப் போடவா? என்ன சாமி சொல்லுதிய? இது என்ன இழவு வீடா?"

"நனைவதற்கு அது மேல் இல்லையா, அம்மா?"

"கிடத்தினா ஊரே கிடந்திரும், சாமி. ஒங்களுக்கு என்ன, நீங்க வண்டியெடுத்துப் போயிருவிய."

எட்டுப் பேரும் தூக்கியபடி மழையில் நின்றார்கள். மாதாவின் மூக்கு நுனியிலிருந்து வெள்ளையாகச் சொட்டியது. நான் மறுபடியும் நிலையின் உயரத்தைச் சாணால் அளந்தேன்.

"அளந்தா நிலை வளந்திருமா, வாத்தியாரே?" என்றார் அண்ணன். மூன்று வருடத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. உள்ளே போனவர் கடப்பாரையோடு வந்தார்.

"ஏ மனுசா, வீட்டையா இடிக்கப் போறிய?" என்று மதினி அலறினாள்.

"நீதானட்டி வருசா வருசம் உப்பும் மிளகும் போட்டுக் கூப்பிட்ட? வந்துட்டா. தள்ளி நில்லு."

நிலையின் மேல்கட்டையை நாலே நெம்பில் பெயர்த்தார். மேலிருந்த மண்சுவர் ஒன்றரை அடிக்குச் சரிந்தது. மாதா நின்றபடியே உள்ளே போய், தரையில் படாமல் மதினியின் மரப்பெட்டி மேல் நின்றாள்.

மதினி சேலைகளை எடுத்து ஒற்றி ஒற்றித் துடைத்தாள். சுரூபம் தப்பியது. மூக்கு நுனியும் இடது கைச் சுண்டுவிரலும் மட்டும் மழுங்கிவிட்டன. இன்றைக்கும் எங்கள் கோயிலில் அப்படித்தான் நிற்கிறாள்.

கரிசல் காய ஆறு நாள் ஆயிற்று. சுற்றி முடிக்காத மாதா கோயிலுக்குத் திரும்பக் கூடாதே. ஆறு சாயங்காலமும் இருபத்தாறு வீட்டாரும் அண்ணன் வீட்டில் செபமாலை சொன்னோம். அண்ணன் தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேதப்புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் சத்தத்தைக் கூட்டினால் அவரும் கூட்டுவார். ஏழாம் நாள் மாதாவைத் தோளில் தூக்கி, மிச்சத் தெருவைச் சுற்றிக் கோயில் சேர்த்தோம். மழையால் நின்றுபோன அசனமும் அன்றுதான். அண்ணன் முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்து, வாளியோடு நின்ற என்னைப் பார்த்து, "எண்ணிப் போடுலே, கணக்குத் தப்பிராம" என்றார். போட்டேன். கடைசி வரை அவர் சபையை விடவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. ஆனால் பேச்சு நிற்கவில்லை.

அசனத்துக்கு மறுநாள் காலை ஆசாரியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"நிலைக்குப் பணம் வேணும்."

"கோயில் கணக்கில் அதற்கு வழியில்லை, அண்ணே."

"கோயில்காரங்கிட்ட யாரு கேட்டா? நான் சபைக்காரன். என் தம்பிகிட்ட கேக்கேன்."

பழைய நிலை அளவுக்கே போட்டால் வேப்பங்கட்டை எழுபது ரூபாய்க்குள் முடியும் என்று ஆசாரி சொன்னார். அண்ணன் இன்னும் ஒன்றரை முழம் கூட்டிப் போடச் சொன்னார். இந்த வீட்டில் அவ்வளவு உயரத்துக்கு யார் இருக்கிறார்கள், எதற்கு இந்த வீண்செலவு என்று கேட்டேன்.

"அடுத்த வருசம் மழை பெய்யாதுன்னு ஒன் கணக்குல எழுதியிருக்கா?" என்றார்.

கட்டை, இரண்டு நாள் ஆசாரி கூலி, சுவர் பூசியது, கொண்டி, ஆணி எல்லாம் சேர்த்து என் கைக்காசு நூற்றுப் பதினோரு ரூபாய் எழுபத்தைந்து காசு.