வெள்ளிக்கிழமைப் பெட்டிகள்

யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவது என் வழக்கமில்லை. தில்லையடியில் நாங்கள் ஏழு பேர் வேலைசெய்யும் சின்ன உயிர்த்தொழில்நுட்பக் கம்பனியில் அது நல்ல குணமாகவே எண்ணப்பட்டது. இறால் குளத்துத் தண்ணீரைக் கெடாமல் வைத்திருக்கும் பக்டீரியாவை வளர்த்து, உயிரோடு தூளாக்கிப் பக்கற்றில் அடைப்பது எங்கள் தொழில். தூள் சரியில்லை என்று யாராவது முறையிட்டால் போய் விசாரிப்பவன் நான். நான் போனால் பிழை எப்போதும் குளத்துக்காரரிடமே இருக்கும்.

முந்தலில் ஓர் அக்கா இருந்தார். கத்தோலிக்கப் பெண். கணவர் இறந்த பிறகு குத்தகைக்கு எடுத்த ஒரே குளத்தைத் தனியாகப் பார்த்துவந்தார். ஒரு தடவை இறால் முழுவதும் செத்துவிட்டது. இன்னொரு தடவை செத்தால் குளத்தைத் திருப்பி எடுத்துவிடுவேன் என்று காணிக்காரர் சொல்லியிருந்தார். எங்கள் தூளை நம்பித்தான் மறுபடி குஞ்சு விட்டார். அதுவும் செத்துக் கரையொதுங்கத் தொடங்கியது.

“தம்பி, உங்கட தூள்ல உயிர் இல்ல. பெட்டி வரக்குள்ளயே சுடுது, தொட்டுப் பாருங்க.”

நான் தொடவில்லை. குளக்கரைக் குடிலில் கிடந்த வெறும் மருந்துப் போத்தலில்தான் என் கண் இருந்தது. கிருமிகொல்லியை ஊற்றி எங்கள் பக்டீரியாவையும் கொன்றுவிட்டு, என்னிடமே கதை விடுகிறாரே என்று எரிச்சல் வந்தது.

“அது ஆட்டுக்கு வாங்கினது” என்றார்.

“எல்லாரும் அப்பிடித்தான் அக்கா சொல்றாங்க.”

மருந்து பாவித்திருக்கிறார் என்று அறிக்கை எழுதினேன். ‘சந்தேகம்’ என்ற சொல்லைக்கூடப் போடவில்லை. காணிக்காரரும் எங்கள் வாடிக்கையாளர் என்பதால் அவருக்கும் ஒரு பிரதி போனது. அந்த மாதமே குளம் கைமாறியது.

கொஞ்ச நாளில் எங்கள் சாரதி லீவில் போக, சிலாபத்திலிருந்து ஒரு சிங்களவர் பதிலுக்கு வந்தார். வேனில் ஒரு படிவம் உண்டு. வழியில் நின்ற இடங்களை அதில் எழுத வேண்டும். முதல் வெள்ளிக்கிழமையே அவர், பள்ளிவாசலடியில் ஒரு மணித்தியாலம், ஏசி நிறுத்தம் என்று எழுதிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. முஸ்லிம்களான எங்களைக் குத்திக்காட்டத்தான் எழுதுகிறார் என்று நினைத்தேன்.

“ஏன் அண்ணே இத எழுதினீங்க?”

“நின்னதுதானே? நின்ன இடம் எழுதச் சொல்லி இருக்கு.”

பழைய படிவங்களைப் புரட்டினேன். தேநீர்க் கடை இருந்தது, எண்ணெய் அடித்த இடம் இருந்தது, புகையிரதக் கடவைகூட இருந்தது. ஜும்ஆ ஒன்றில்கூட இல்லை. தொழுகைக்குப் போவதை ‘வழியில் நிற்பது’ என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வியாழன் தூள் காயும், வெள்ளி வேன் புறப்படும். முன் ஆசனத்தில் நானும் இருப்பேன். நாங்கள் மின்விசிறியின் கீழ் குத்பாப் பிரசங்கம் கேட்ட நேரமெல்லாம், அடைத்த வேனுக்குள் பெட்டிகள் உச்சி வெயிலில் கிடந்திருக்கின்றன. அன்று கொண்டுபோன பக்கற்றில் ஒன்றை ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

வேன் புறப்படும் கிழமையை மாற்றினால் போதும் என்றேன். முதலாளி விடவில்லை. எங்கள் வேன் போலத்தான் தூள் விற்கும் கடைகளும் வெயிலில் வேகும் என்றார். சூடு தாங்கும் பக்டீரியா இனம் ஒன்றை உப்பளத்துச் சேற்றில் தேடிப் பிடித்தோம். அது நன்றாக விலைபோனது. கொழும்பில் ஒரு கூட்டத்தில், சின்னக் கம்பனியைப் புதியன கண்டுபிடிக்கத் தூண்டுவது எது என்று கேட்டார்கள். “வாடிக்கையாளரின் குரலைக் கேட்பது” என்றார் முதலாளி. எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அக்காவின் குரலை நான் கேட்ட அழகு எனக்கல்லவா தெரியும்! கண்டுபிடிப்புக் கதை யார் சொன்னாலும் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம்தான்.

முந்தலுக்குப் போனேன். அக்கா அதே குளத்தில் கூலிக்குத் தீனி வீசிக்கொண்டிருந்தார். காணிக்காரரே இப்போது இறால் வளர்க்கிறார். நடந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னிலதான் பிழை அக்கா.”

அவர் கை நிற்கவில்லை.

“எனக்கு ஏன் தம்பி சொல்றீங்க? நான் மருந்து ஊத்தல்ல எண்டு எனக்குத் தெரியும்தானே. அவருக்குச் சொல்லுங்க.”

ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் புதுத் தூளை இப்போது அதிகம் வாங்குபவர் அந்தக் காணிக்காரர்தான். அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை.