மகனைச் சுட்ட ஞாயிற்றுக்கிழமை

வழுக்கை விழுந்த பிறகு நான் துப்பாக்கி சுடக் கற்றுக்கொண்டேன், பெற்ற மகனைச் சுட்டுத் தள்ளுவதற்காக. கம்ப்யூட்டரில்தான். ஆனாலும் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது.

அவன் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் சிவகாசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தால், கடைக்காரர் விளக்கை அணைக்கும்வரை எழுந்திருக்க மாட்டான். ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒருவனையொருவன் சுட்டுக்கொள்கிற விளையாட்டு. ஊரே வெடி செய்து பிழைக்கிறது. தீபாவளிக்கு ஓலைவெடியைக்கூடத் தொடாதவன் அங்கே குண்டு வீசுவதில் மன்னன். அடித்துப் பார்த்தேன். சாப்பாட்டை நிறுத்திப் பார்த்தேன். ஆள் இளைத்தானே தவிர, சுடுவது குறையவில்லை.

நாலு புத்தகம் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் ஊரில் ஒருவரைத் தொழிலைவிட்டு விரட்ட வேண்டுமானால் யாரும் புத்தி சொல்ல மாட்டோம்; அவர் பிரஸ்ஸுக்கு எதிரிலேயே ஒரு பிரஸ் போடுவோம். பட்டாசு லேபிள் அச்சடிக்கும் நானே அப்படிச் சிலரைக் கடை சாத்த வைத்திருக்கிறேன். இவனையும் இவன் கூட்டாளிகள் கண்முன்னே தோற்கடித்துவிட்டால், வெட்கம் தாங்காமல் விட்டுவிடுவான்.

சீசன் முடிந்து பிரஸ்ஸில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்கள். மகன் பள்ளிக்குப் போனதும் நான் சென்டருக்குப் போவேன். வகுப்புக்கு மட்டம் போட்ட பயல்கள்தான் எனக்கு வாத்தியார்கள்.

"தாத்தா, செவத்தச் சுடுறீக. எதிரி பின்னாடி நிக்கான்."

"விடுலே. செவராச்சும் சாகட்டும்."

மெல்லமெல்லச் சுவரை விட்டு மனிதர்களைச் சுடத் தொடங்கினேன். லோடு வரவில்லை என்று போனில் கத்துகிற பார்ட்டிகளின் முகத்தை ஒவ்வொரு எதிரிக்கும் பொருத்திக்கொண்டேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, இனித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூலையில், பலகைத் தடுப்புக்குப் பின்னால் ஒளிந்து, வேறு பெயரில் ஆட்டத்துக்குள் நுழைந்தேன். முதலில் வரிசையாகச் செத்தேன். செத்த ஆள் கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர்த்து வந்து நிற்கிற ஆட்டம் அது.

"எவன்லே இவன், எருமை மாதிரி வந்து வந்து நிக்கான்?" என்றான் என் மகன். வீட்டில் அவன் இவ்வளவு கணீரென்று பேசிக் கேட்டதில்லை.

அப்புறம் ஒரு மாடிப்படிக்குக் கீழே அவன் முதுகு கிடைத்தது. சுட்டேன். விழுந்தான்.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். எழுந்து, தடுப்புக்கு மேலே வழுக்கையை நீட்டி, "உங்கப்பன்தாம்லே!" என்றேன்.

"ஏலே, பெத்த அப்பனே போட்டுட்டாருலே!" என்று ஒருவன் மேஜையைத் தட்டினான். மகன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அவன் முதுகும் காதும்தான் தெரிந்தன. நான் விடவில்லை. அவன் உயிரோடு வரும்போதெல்லாம் சுட்டேன். நெற்றியில், நெஞ்சில், ஒருமுறை நிதானமாகக் கத்தியால் குத்தினேன். ஒவ்வொரு சாவுக்கும் பயல்கள் ஊளையிட்டார்கள். அவன் காதுமடல் சிவந்துவிட்டதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் சுட்டேன்.

"இனிமே இங்கன வருவியாலே?"

வரவில்லை. பள்ளிக்கூடத்தில் 'அப்பன்ட்ட செத்தவன்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். "ஒங்களுக்குத் திருப்திதான?" என்றாள் மனைவி. திருப்திதான். நான் வந்து உட்கார்ந்தால் அவன் தட்டோடு எழுந்து உள்ளே போனான். மருந்து வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பிரஸ்ஸுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தச் சண்டையை நடித்துக் காட்டினேன். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த ஒருவர், தன் மகனையும் வந்து சுட்டுக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

எந்த ஞாயிறு தோது என்று கேட்கச் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்கு நான் அவன் பின்னாடிதான் நின்னேன். ஒங்களப் பாத்ததுமே மவுஸ்ல இருந்து கைய எடுத்து மடியில வச்சுக்கிட்டான். சும்மா நின்னவனத்தான் அம்புட்டு நேரமும் சுட்டீக. வெளையாடுற பிள்ளைன்னா ஒங்களால முடியாது."