கண் குறையே இல்லாத வகுப்பு

எழுபதுகளின் கடைசியில் செல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அம்மா மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் அதே வகுப்பில் மாணவி. வீட்டிலும் அவள், பள்ளியிலும் அவள். எங்கே போய் முறையிடுவது!

அந்த வருஷம் கண் ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லி, மேலிருந்து கீழே எழுத்து சிறுத்துக்கொண்டே போகும் அட்டை ஒன்றை முன்கூட்டியே கொடுத்தனுப்பியிருந்தார்கள். டீச்சர்களும் முதலில் பிள்ளைகளின் கண்ணைச் சோதித்துப் பார்த்து வைக்க வேண்டுமாம். சோதனை என்றாலே அம்மாவுக்குப் பாஸ், பெயில்தான். அட்டையை வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் மாட்டி, பிரம்பால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் கத்திய கத்தில் தெருவின் தறிச் சத்தமே அமுங்கிப்போனது. ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம்.

"ஒருத்தரும் பெயிலாகக் கூடாது. பக்கத்து கிளாஸ் டீச்சர் முன்னாடி என் மானத்த வாங்கிராதீங்க" என்றாள்.

வந்தவர்கள் சுவரிலிருந்த அந்த அட்டையை வைத்தே பார்த்தார்கள். வலது கண்ணை மூடச் சொன்னதும் எனக்கு எல்லாம் மங்கிவிட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடம் ஒப்பிக்கும்போது புத்தகம் மூடித்தானே இருக்கும்? கடகடவென்று கடைசி வரி வரை சொல்லி முடித்தேன். அம்மாவுக்கு முகமெல்லாம் பல். பக்கத்து வகுப்பில் சிலருக்குக் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். எங்கள் வகுப்பில் ஒருவருக்கும் இல்லை.

எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் திருநகருக்கு பஸ்ஸில் போனோம். என் வலது கண்ணில் தூசி விழுந்தது. அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பினால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தில் மூக்கும் முழியும் பிரிந்து தெரியவில்லை. சொன்னேன். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் என் இடது கண்ணை வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கண்ணு சின்ன வயசுலருந்தே வேல செய்யப் பழகல. ஏழெட்டு வயசுல கண்டுபிடிச்சு, நல்ல கண்ண மூடிவச்சு இதுக்குப் பழக்கம் குடுத்திருந்தா வழிக்கு வந்திருக்கும். இனி கண்ணாடி போட்டாலும் பெருசா தேறாது. ஸ்கூல்ல டெஸ்ட் எதுவும் பண்ணலையாம்மா?"

"பண்ணாங்க" என்றாள் அம்மா.

வெளியே வந்து ரோட்டோரம் நின்று அழுதாள். டீச்சர் அழுது நான் பார்த்ததில்லை. அவளை அழவைத்தது நான்தான் என்று எனக்குப் பட்டது. ஒரே ஒரு எழுத்தில் நான் தடுமாறித் தொலைத்திருக்கலாம்.

அன்றோடு அட்டை பீரோவுக்குள் போனது. சோதனையன்றுதான் வெளியே எடுப்பாள், பிள்ளைகளை ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவாள். இடைவேளை மணி அடித்ததும் வகுப்புக்கே முருங்கைக்கீரை அடை அல்லது பப்பாளித் துண்டு. தறிக்காரர் வீடுகளிலிருந்து கீரை வரும். அடுப்படியில் வேகிறவள் அம்மா. கீரை டீச்சர் என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது. ஒருமுறை, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. சொல்றவங்களுக்கு ரெண்டு அடை" என்று ஆசை காட்டினாள். அன்றைக்கு அந்த வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் ஒரு எழுத்தும் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு எல்லோருக்கும் இரண்டு கொடுத்தாள்.

கீரையால் என் கண் திரும்பாது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் வீட்டில் பெரிய பங்கு எனக்குத்தான் வந்தது. பப்பாளி எனக்குக் கட்டோடு பிடிக்காது. வேண்டாம் என்றால் அவள் முகம் வாடிவிடுமே என்று பயந்து விழுங்குவேன். பார்வை போனதை விட அது பெரிய பாரமாக இருந்தது.

காலேஜ் சேர்ந்த வருஷம், ஒரு சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி இருவரும் நடந்தோம். சைக்கிள்களும் பஸ்களும் போய்க்கொண்டிருந்தன. அவள் சுற்றிவந்து என் இடது பக்கம் சேர்ந்துகொண்டாள். எங்கே போனாலும் அவளுக்கு அந்தப் பக்கம்தான். அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "விடும்மா. எனக்கு ஒரு கண்ணே போதும். நல்லாத்தான இருக்கேன்?" என்றேன்.

"ஒனக்குப் போதும்டி. எனக்குத்தான் போதல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. அவள் வசதியாக வரட்டும் என்று வலது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி நடந்தேன்.