எரியோட்டில் நான் சொன்ன இரண்டு வாக்கியங்கள்

காலை 8.20. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு எரியோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். இருபது கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நடத்துநர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து, “அந்தப் பக்கம் உக்காராதீகம்மா, வெயில் அடிக்கும்” என்றார்.

பால்வினை நோய்களுக்கு எப்படி மருந்து கொடுப்பது என்று கிராமத்து நர்ஸ்களுக்குச் சொல்லித்தருவது என் வேலை. மதுரையிலிருந்து இந்தப் பக்கம் கடைசியாகப் பாடம் எடுக்க வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. போன முறை பிரமாதமாகப் பேசினோம் என்ற மிதப்பு எனக்கு உண்டு.

9.30. எரியோட்டிலிருந்து ஆட்டோ, நான்கு கிலோமீட்டருக்கு நூறு ரூபாய். வழி நெடுக முருங்கைத் தோட்டங்கள்.

“ஆஸ்பத்திரிக்கா? என்னம்மா உடம்புக்கு?”

“எனக்கு ஒன்றுமில்லை. நர்ஸம்மாவுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன்.”

“அவுகளுக்கேவா?” என்று கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்ஸ் சகாயமேரி படு ஒழுங்கானவர். மருந்து அலமாரியைத் திறந்து காட்டினார். நோய்க்கு ஒரு நிறமாக மாத்திரைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. கதவின் உட்புறம் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. ‘புருஷன் வராமல் மருந்து கொடுத்தால் வீண்.’ அடியில் என் பெயர்.

போன முறை வகுப்பில் நான் சொன்னதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்தவர்களை எழுப்பக் கொஞ்சம் காரம் தூக்கலாகச் சொன்னது. சொல்லியிருக்க வேண்டியது வேறு. வந்தவளுக்கு அப்போதே மருந்து கொடுங்கள், புருஷனுக்கான பொட்டலத்தையும் அவள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள் என்பதுதான் முறை.

“இதைப் பார்த்து யாரையாவது திருப்பி அனுப்பினீர்களா?”

“ஒரு பிள்ளைய மட்டும் மேடம். நீங்க சொன்னீகன்னுதான்.”

அந்தப் பெண் நூற்பாலைக்கு வேலைக்குப் போகிறவள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் வெள்ளைப்படுதலும் எரிச்சலுமாக வந்திருக்கிறாள். ஒரே வேளை போட்டால் போதும், சாம்பல் நிறப் பொட்டலம். ‘வீட்டுக்காரரக் கூட்டிட்டு வா’ என்று அனுப்பிவிட்டார் சகாயமேரி. வீட்டுக்காரரோ லாரி ஓட்டுநர்; வடக்கே போனவர் திரும்ப நாற்பது நாளானது. அதற்குள் கிருமி மேலேறி, காய்ச்சலும் வயிற்றுவலியுமாக அவளைத் திண்டுக்கல்லில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு பக்கக் கருக்குழாயும் அடைபட்டுவிட்டது, இனி பிள்ளை உண்டாவது கஷ்டம் என்று சொல்லிவிட்டார்களாம். அவளைப் பார்க்க வேண்டும் என்றேன்.

மதியம் 3.00. மில் வேன் வந்து நின்றது. சகாயமேரி முன்பே போனில் கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்ததால் அவள் நேராக உள்ளறைக்கு வந்தாள். தலைமுடியில் பஞ்சுத் துகள். இருபத்து மூன்று வயதிருக்கும். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: “தப்பு உன் மேலயும் இல்ல, நர்ஸம்மா மேலயும் இல்லம்மா. நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டேன். உனக்கு அன்னைக்கே மருந்து குடுத்திருக்கணும்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அவரக் கூட்டிட்டு வராதது ஏந்தப்புன்னுல்ல இம்புட்டு நாளா நெனச்சிருந்தேன்” என்றாள். பிறகு, “எங்க மாமியா மலடின்னு சொல்லுது. இவரும் பேசாம கேட்டுக்கிருக்காரு. இப்பச் சொன்னத வீட்டுக்கு வந்து அவுகட்டச் சொல்றீகளா மேடம்? நடந்து போனா பத்து நிமிசந்தான்” என்றாள்.

“நோயாளி விஷயத்த நாங்க வெளியில சொல்லக்கூடாதும்மா” என்றேன். அதுவும் நான் நடத்தும் பாடம்தான்.

“சரிங்க மேடம்” என்று எழுந்து போனாள்.

4.40. திண்டுக்கல் திரும்பும் பஸ். பாதி வழியில்தான் எனக்கே உறைத்தது. ரகசியம் அவளுடையது, சொல்லச் சொல்லிக் கேட்டவளும் அவளே. அந்த மாமியார் முன்னால் நிற்க எனக்குப் பயம், அதற்கு நான் ஒரு விதியைப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றுமில்லை. வெட்கத்தோடு சகாயமேரியைப் போனில் அழைத்தேன்.

“அடுத்த பஸ்ஸைப் பிடித்து வருகிறேன். அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லுங்கள்.”



“அவ வீட்டுக்காரரு நாலு மணிக்கே லோடு ஏத்திக் கெளம்பிட்டாரு மேடம். போறதுக்குள்ள சொல்லணும்னுதான் அந்தப் பிள்ள இன்னைக்கே கேட்டுச்சு.”

எப்போது திரும்புவார் என்று கேட்டேன். அது அவருக்கே தெரியாது என்றார்.